பெயர் எழுதாத துண்டு

போன மாதம் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் மாதர் வட்டம் நடத்திய கூட்டத்திலிருந்து நான் இடையிலே எழுந்து வந்ததை நீங்கள் நாலைந்து பேர் கவனித்திருக்கிறீர்கள். முழங்கால் நோவா, ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று மாறிமாறிக் கேட்டீர்கள். இரண்டும் இல்லை. நீரிழிவு பற்றிக் கதைக்க வந்த அந்தப் பிள்ளை நன்றாகத்தான் கதைத்தாள். பேச்சு முடிந்ததும், "கேக்கக் கூச்சமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதிப் போடுங்க அன்ரிமார், பேர் தேவையில்ல" என்று சொல்லி முன்வரிசையிலிருந்து ஒரு பெட்டியை அனுப்பினாளே, அது என் மடிக்கு வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

காரணத்தை நம் வயதுக்காரருக்குத்தான் சொல்லலாம். இளையவர்களுக்குச் சொன்னால், "அப்பவே பொலிசுக்குப் போயிருக்கலாமே" என்பார்கள்.

எனக்குப் பத்து வயது. இதே வெள்ளவத்தை. கலவரத்துக்கெல்லாம் முந்திய காலம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகளும் மாமரங்களும் நின்றன. எங்கள் மாதர் சங்கம் ஒரு வாசகசாலையின் மேல்மாடியில் கூடியது. பின்பக்க யன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். யன்னல் கம்பிகளை உப்புக் காற்று தின்றிருந்தது, தொட்டால் துரு விரலில் செம்மண்போல ஒட்டும். பேச்சின் நடுவில் ரயில் வந்தால் பேச்சாளர் வாயைத் திறந்தபடியே நிற்பார். அந்த அரை நிமிடத்துக்குள் பெண்கள் ஒரு முழுக் கதையைப் பேசி முடித்துவிடுவார்கள்.

இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்றரைக்குக் கூட்டம். எரிகாயத்துக்கு என்ன பூசலாம், பூசக்கூடாது, குடற்புழு, பால்பல் என்று பேச்சுகள் இருக்கும். ஒருமுறை சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இருட்டாக்கி, கிருமிகளின் படங்கள் காட்டினார்கள். அந்த ஸ்லைட் இயந்திரம் சூடேறும்போது வந்த தூசி கருகும் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. பேச்சு முடிந்தால் பெரிய அலுமினியக் கேத்திலில் தேத்தண்ணி, அதோடு எண்ணெயில் பொரித்த பற்றிஸ். நடுவில் கோலப் போட்டி, பூ அலங்காரம், சரஸ்வதி பூசை என்று விழாக்களும் வரும்.

அம்மா அங்கே போவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை. அவர் ஒரு கந்தோரில் எழுத்தர்களுக்கெல்லாம் மேலான தலைமை இலிகிதர். வெள்ளைச் சட்டை, திருநீறு, தாழ்ந்த குரல். ஊரில் யார் வீட்டில் சண்டை என்றாலும் சமாதானத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். "நாலு பொம்பிளையள் கூடினால் வீட்டுக் கதை வெளியிலை போகும்" என்பது அவர் எண்ணம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார். நானும் அம்மாவோடு போக வேண்டும்.

துணைக்கு என்றுதான் வெளியில் பெயர். வீட்டுக்கு வந்து அம்மா உடுப்பு மாற்றப் போனதும் அப்பா என்னை விறாந்தைக்குக் கூப்பிடுவார். சாய்வுநாற்காலியில் இருந்தபடி மூக்குக்கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைப்பார்.

"இண்டைக்கு என்ன கதைச்சவை?"

நான் சொல்வேன். யார் யாரோடு இருந்தார்கள், அம்மா யாரோடு கதைத்தார், எதற்குச் சிரித்தார் என்று எல்லாம் சொல்வேன். முடிவில் தின்ன ஒரு ரொபி மிட்டாய் கிடைக்கும். ரொபிக்காக மட்டும் சொன்னேன் என்றால் பொய். கந்தோரில் இத்தனை பேரை வைத்து வேலை வாங்கும் மனிதர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் செய்த வேலைக்கு என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சங்கத்தின் தலைவியை நாங்கள் தலைவி அன்ரி என்போம். ஓய்வுபெற்ற அதிபர். கைக்குட்டையை மணிக்கட்டில் சொருகியிருப்பார். எவரையும் முதலில் சந்தேகித்து, பிறகு ஆராய்ந்து, பிறகும் சந்தேகிப்பார். பற்றிஸ் ஒன்று குறைந்தால்கூடத் தட்டு கைமாறிய வழியை விசாரிப்பார்.

அங்கே வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் கொட்டாஞ்சேனை அன்ரி. கொழும்பின் அடுத்த நுனியிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருவார். கத்தோலிக்கர். கணவர் துறைமுகத்தில் வேலை. முந்திய நத்தார்ப் பண்டிகைக்கு அவர்தான் எங்கள் எல்லோருக்கும் லவ் கேக் செய்து காட்டினார். முந்திரிப்பருப்பை வெட்டும்போது ஒரு கைப்பிடியை யாருக்கும் தெரியாமல் என் சட்டைப் பைக்குள் போட்டவர் அவர். ஆனால் அவர் கதைக்கும் தமிழ் வேறுமாதிரி என்று மற்றப் பெண்கள் அவரிடம் எப்போதும் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் இருப்பார்கள்.

பேச்சு முடிந்து கேள்வி கேட்கச் சொன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதற்குப் பெட்டி வைக்கலாம் என்றவர் டொக்டர் அம்மா. பம்பலப்பிட்டியில் வைத்தியம் பார்த்தவர், மாதம் ஒருமுறை எங்களுக்குப் பேச வருவார். தலைவி அன்ரிக்கு அது பிடிக்கவில்லை.

"பேரில்லாட்டில் ஆரும் எதையும் எழுதுவினம், டொக்டர்."

"எழுதட்டும். அதுக்குத்தானே பெட்டி."

ஒரு பிஸ்கட் ரின்னின் மூடியைக் கத்தியால் கீறி, கடதாசித் துண்டு போட வழி செய்தார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை நான் பாண் வாங்க பேக்கரிக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணா அறைக்குள் சரிந்து படுத்திருந்தார். பதினான்கு வயது அவருக்கு. அம்மா அவருடைய காதுக்கு மேலே ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். "குளிக்கிற அறைக்குள்ளை வழுக்கிப்போட்டான்" என்றார். அப்பா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மேசையில் அண்ணாவின் கணக்குக் கொப்பி விரிந்து கிடந்தது. நான் கால் கழுவக் குளியலறைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கால் கழுவினேன்.

சனிக்கிழமை டொக்டர் அம்மா ரின்னைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முதலில் வந்தவை பெண்களுக்குரிய கேள்விகள். எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ துண்டை விரித்தவர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு சத்தமாக வாசித்தார்.

"தலையில் பலமாக அடிபட்டால் எத்தனை நாளைக்குத் தலைசுற்றும்? வயிற்றைப் புரட்டிச் சத்தியும் வந்தால் பயப்பட வேணுமா?"

சிரிப்பு நின்றது. டொக்டர் அம்மா துண்டை மேசையில் வைத்தார்.

"எழுதினவ ஆரெண்டு நான் கேக்கேல்லை. ஆனா கூட்டம் முடிஞ்சவுடனை கீழை என்ரை காருக்குப் பக்கத்திலை வந்து என்னைக் காணவேணும். இது பிந்தக்கூடாத விசயம்."

கூட்டம் முடிந்தது. டொக்டர் அம்மா கீழே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். முப்பது பெண்களும் படிகளிலும் வாசலிலும் நின்றார்கள். வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. யார் காரடிக்குப் போகிறார் என்று பார்க்க நின்றார்கள். அரை மணித்தியாலம் அப்படியே போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று நெரிந்து உடைந்தது. கடைசியில் டொக்டர் அம்மா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அன்று பின்னேரம் விறாந்தையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நல்ல செய்தி முன்பு ஒருநாளும் எனக்குக் கிடைத்ததில்லை. துண்டில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தேன். கண்ணாடி துடைத்த கை நின்றது.

"பேனையாலையோ, பென்சிலாலையோ எழுதியிருந்தது?"

"பென்சில் எண்டு தலைவி அன்ரி சொன்னவ."

"வாசிக்கேக்கை அம்மா என்ன செய்தவ?"

"யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டிருந்தவ."

"ரயில் வந்ததோ?"

"இல்லை."

அப்பா கண்ணாடியை மாட்டினார். இரண்டு ரொபி தந்தார்.

அதன்பிறகு வந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மேசை லாச்சியை இழுத்து அதிலிருந்த பென்சில்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சீவினார். அம்மா அவர் சீவுவதைக் கதவு நீக்கலால் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். அண்ணா தலையிடி என்று வெளிச்சம் படாமல் முகத்தைத் திருப்பிப் படுத்தார். பள்ளிக்கூடம் போனார், வந்தார், சாப்பிடாமல் எழுந்தார். அவர் சுவரைத் தொட்டுத்தொட்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, குருடன் விளையாட்டு விளையாடுகிறார் என்று நினைத்து நானும் பின்னால் அப்படியே நடந்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு மனையியல் ஆசிரியை காய்கறி கழுவுவது பற்றிப் பேசினார். ஒருவரும் கேட்கவில்லை. தலைவி அன்ரி அந்தத் துண்டைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். வரவுப் பதிவுக் கொப்பியில் இருந்த கையெழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாராம். எழுத்தைப் பிரித்துப்பிரித்து எழுதியிருந்தபடியால் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி வரிசைப் பெண் ஒருத்தியில் தொடங்கிய சந்தேகம் வரிசை வரிசையாக நகர்ந்து கொட்டாஞ்சேனை அன்ரியில் வந்து நின்றது. அவர் அன்றைக்கு வரவில்லை. அது முதல் சாட்சி.

"போனமுறை முன்மயிரை வெட்டி நெத்தியிலை விட்டுக்கொண்டெல்லே வந்தவ," என்றார் ஒருவர்.

"அது இப்ப ஃபாஷன்."

"அந்த வயசிலை என்ன ஃபாஷன்? எதையோ மறைக்கிறா."

"மனுசன் துறைமுகத்திலை வேலை. குடியாமல் இருப்பாரோ?"

அம்மா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். எதையோ சொல்ல வாயெடுத்தவர் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொரு மிடறு. அந்தத் தேத்தண்ணியை அவர் அன்று குடித்து முடிக்காமல் கீழே வைத்திருந்தால் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

"ரெண்டு பேர் போய் அந்த மனுசனோடை கதைக்கவேணும்," என்று தலைவி அன்ரி முடிவு சொன்னார். "நீங்க என்னோடை வாங்கோ," என்று அம்மாவின் தோளைத் தொட்டார். "உங்கட அவரைப்போல ஒரு மனுசனோடை வாழுற உங்களுக்குத்தான் அதைச் சொல்லுற தகுதி இருக்கு."

விறாந்தையில் நான் "கொட்டாஞ்சேனை அன்ரியாம்" என்றதும் அப்பா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம், "நல்ல காரியம். நீரும் போய் நாலு புத்தி சொல்லிப்போட்டு வாரும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போம்" என்றார். அம்மா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். அண்ணாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கோவில் மணி ஒரு பக்கம் அடிக்க, துறைமுகத்தில் கப்பல் ஊதியது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற சின்ன வீடுகளில் ஒன்று அவருடையது. வாசல்படியிலிருந்து எட்டினால் அடுத்த வீட்டு யன்னலைத் தொடலாம்.

கணவர்தான் கதவைத் திறந்தார். சாரமும் பெனியனும். கையில் வெங்காய மணம். எங்களைப் பார்த்ததும் தடுமாறி, உள்ளே ஓடிச் சட்டை போட்டு வந்து, கதிரைகளைத் துவாயால் துடைத்தார். "அவளுக்குக் காய்ச்சல்ங்க, நாலஞ்சு நாளா. இப்பதான் எழும்பினா. இருங்க, தேத்தண்ணி ஊத்திட்டு வாறேன்," என்றார். கூட்டத்துக்கு வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

கொட்டாஞ்சேனை அன்ரி மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். கணவர் தட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து நீட்டினார். எல்லோரும் எடுத்தபின் தலைவி அன்ரி தொண்டையைச் செருமினார்.

"கோவம் எல்லாருக்கும் வாறதுதான். ஆனா பொம்பிளையின்ரை தலை சின்னத் தலை. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் பிறகு அழுது பிரயோசனமில்லை."

அந்த மனிதருக்கு விளங்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். கொட்டாஞ்சேனை அன்ரிக்கு விளங்கிவிட்டது. எழுந்து வந்து, நெற்றி மயிரை இரண்டு கையாலும் மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தலைவி அன்ரிக்கு முன்னால் குனிந்தார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

நெற்றியில் ஒன்றுமில்லை. ஒரு பருகூட இல்லை.

"நான் கை நீட்டினேன்னு யாருங்க சொன்னது?" என்றார் கணவர்.

"ஆரும் சொல்லேல்லை. ஒரு சந்தேகம்..."

"சந்தேகத்துக்கா ரெண்டு பஸ் ஏறி வந்தீங்க?" என்றார் கொட்டாஞ்சேனை அன்ரி.

பக்கத்து வீட்டு யன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. நாங்கள் எழுந்தோம். அம்மா உள்ளே வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எங்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். தலைவி அன்ரி கம்பியைப் பிடித்தபடி அம்மாவின் காதில் சொன்னார்: "பாத்தீங்களே, மறைக்கிற கெட்டித்தனத்தை! நெத்தியிலை இல்லாட்டில் தலைக்குள்ளை இருக்கும்." அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. அண்ணா மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார். பேனை அவர் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. "அம்மா, ரெண்டு கொப்பி தெரியுது," என்றார். பிறகு மேசையிலேயே சத்தி எடுத்தார். நிமிர்ந்தபோது ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

அம்மா வெளியே போன சேலையோடுதான் நின்றார். பக்கத்து வீட்டுக்காரரின் காரைக் கேட்டு வரும்படி என்னிடம் சொன்னார். அப்பா விறாந்தையிலிருந்து எழுந்து வந்து வழியில் நின்றார்.

"ஒண்டுமில்லை, படுத்தால் சரியாயிடும். ஆஸ்பத்திரியிலை என்னெண்டு சொல்லுவீர்?"

"நடந்ததைச் சொல்லுவன்."

"என்ன நடந்தது?"

"பிடரியிலை பிடிச்சுச் சுவரிலை நீங்க அடிச்சதைச் சொல்லுவன். கணக்குப் பிழைச்சதுக்கு அடிச்சதைச் சொல்லுவன். துண்டு எழுதினதும் நான்தான்."

அம்மா அப்பாவோடு அப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அப்பா கையை உயர்த்தினார். அம்மா அசையவில்லை. அந்தக் கை எங்கே போவதென்று தெரியாமல் தன் கண்ணாடியைக் கழற்றியது. அம்மா என்னைப் பார்த்தார். "நீயும் வா. ஆரும் கேட்டால் தரை காய்ஞ்சு கிடந்ததைச் சொல்லு," என்றார். நான் அதைப் பார்த்தது அவருக்குத் தெரிந்திருந்தது. விறாந்தையில் நான் சொன்னவையும் தெரிந்திருந்தன. ஒருநாளும் அதற்காக என்னை ஏசவில்லை.

களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலைக்குள் இரத்தம் கட்டியிருந்தது, திறந்து எடுத்தார்கள். டொக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது அம்மா சொன்னார். அவர் எழுதிக்கொண்டே ஒருமுறை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் எழுதினார். அவ்வளவுதான். அதை வைத்து யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அண்ணா தப்பினார். மொட்டைத் தலையும் தையலுமாக ஒரு மாதம் கிடந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை அவர் சொல்லைக் கேட்பதில்லை.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி நடையில் அப்பா சுடுதண்ணிப் போத்தலோடு வந்து நின்றார். அம்மா உள்ளே இருந்தார். அப்பா என்னைச் சுவரோரம் கூப்பிட்டார்.

"அம்மா டொக்டரிட்டை என்ன சொன்னவ?"

சட்டைப் பையிலிருந்து ஒரு ரொபியை எடுத்து நீட்டினார்.

"எனக்குத் தெரியாது," என்றேன். எனக்குத் தெரியாதென்று அவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ரொபியைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டார். அதன்பிறகு என்னை ஒன்றும் கேட்டதில்லை. அண்ணாவையோ வேறு யாரையோ தொட்டதுமில்லை. சாகும்வரை ஊருக்குச் சமாதானம் செய்துவைத்தார். அவர் செத்த வீட்டில் மாதர் சங்கத்தின் பெயரில் ஒருவர் எழுந்து, பெண்களை மதித்த மனிதர் என்று பேசினார். அண்ணா அதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு அம்மா எனக்குச் சொன்னார். துண்டைப் பற்றி நான் அப்பாவிடம் சொன்ன அன்றைக்கே, "நீரோ எழுதினது?" என்று அவர் கேட்டாராம். இல்லையென்று அம்மா சத்தியம் செய்தாராம். "பிறகு எல்லாரும் கொட்டாஞ்சேனை எண்டிச்சினம். நான் அவவுக்குப் பின்னாலை ஒளிஞ்சிட்டன்," என்றார்.

அண்ணா வீட்டுக்கு வந்தபிறகு அம்மா சங்கத்துக்குப் போனார். பல் வைத்தியர் ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து நின்றார். "அந்தத் துண்டை எழுதினது நான். என்ரை மகனுக்கு அவர் அடிச்சதுக்காக எழுதினனான். கொட்டாஞ்சேனை அக்காவிலை ஒரு பிழையுமில்லை," என்றார்.

நான் பக்கத்தில் இருந்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவி அன்ரி எழுந்து வந்து அம்மாவை அணைத்து இருத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி, "பிள்ளை வருத்தம் வந்து ஆஸ்பத்திரியிலை கிடந்ததிலை மனம் குழம்பிப்போச்சு. பாவம். அந்தப் பொம்பிளையைக் காப்பாத்த இப்பிடிச் சொல்லுறா," என்றார். ஒருவர் விசிறினார், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா திரும்பவும் சொன்னார். இன்னும் வேகமாக விசிறினார்கள். "அந்த மனுசனோ? கோவிலிலை தேவாரம் படிக்கிற மனுசனோ?" என்று பின்வரிசையில் கேட்டது.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

அன்ரி கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அம்மா வாசல்படியில் நின்றே சொல்லி முடித்தார்.

"தெரியும்," என்றார் அன்ரி.

"எப்பிடி?"

"அந்த லேடி என் நெத்தியத்தான் பாத்தாங்க. நீங்க இவரோட கையைத்தான் பாத்துக்கிட்டே இருந்தீங்க. பிஸ்கட் எடுங்கன்னு அவரு கையை நீட்டுறப்போ நீங்க கதிரையோட பின்னால சாய்ஞ்சீங்க. கைக்குப் பயப்படுற வீட்டு ஆளுன்னு அப்பவே தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா உங்க வீட்டுக்கு ஆள் வந்திருப்பாங்க. இங்க வந்து ஒன்னும் இல்லன்னு திரும்பிப் போனாங்க. அங்க வந்துட்டுப் போன பிறகு உங்களுக்கு என்ன நடந்திருக்கும்?"

அம்மா அழுதார். அன்ரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மகன் எப்படி?"

"தப்பிட்டான்."

அன்ரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அது போதும். ஆனா இனி வராதீங்க. இந்த லேன்ல எல்லாரும் அன்னைக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவரு இப்ப கோயிலுக்குக்கூட என்னோட வாறதில்ல." என் தலையைத் தடவினார். பிறகு கதவைச் சாத்தினார், அடித்துச் சாத்தவில்லை.

ஒழுங்கை முனையில் அவர் கணவர் மீன் பையோடு எதிரே வந்தார். எங்களை அடையாளம் கண்டு நின்றார். அம்மா கிட்டப் போய், "என்னை மன்னிக்கவேணும்," என்றார். அவர் பையை நிலத்தில் வைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"பரவாயில்லைங்க," என்றார். "பரவாயில்லைங்க, போங்க."

நாங்கள் அவரைத் தாண்டி நடந்தோம். பெரிய வீதியில் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு பூனை பையை முகர்ந்துகொண்டிருந்தது. அதைத் துரத்தக்கூட அவர் கையை முன்னால் எடுக்கவில்லை.